மார்க்கண்டுவின் தவணை

மொன்றியல்
16.08.2009

அன்புத் தங்கை இந்திராவுக்கு,

கோணேசர் கிருபையால் நானும் கிரியும் சுகமாக இருக்கிறோம். உன் முழங்கால் நோ எப்படி இருக்கிறது? யோகேந்திரன் சீனி வருத்தத்துக்கு மருந்தை ஒழுங்காகப் போடுகிறாரா, இல்லை இன்னமும் ஒளித்து ஒளித்து லட்டு சாப்பிடுகிறாரா? தக்ஷினிக்குப் பெரியம்மாவின் முத்தங்கள்.

கடிதத்தைக் கண்டதும் நெஞ்சைப் பிடிக்காதே. ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை. எங்கள் ரெலிபோன் லைனில் ஒரே இரைச்சல். ஆகையால் கொஞ்ச நாளைக்கு எனக்குப் போன் எடுக்காதே, எழுது. ஊரில் இருந்தபோது மாறி மாறி எழுதினோம்தானே, இப்போது மட்டும் கை முறிந்தா போய்விடும்?

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலுக்குப் போய் உன் பேரிலும் ஒரு அர்ச்சனை செய்தேன். கார்தெறியில், அதுதான் குழந்தைகள் காப்பகத்துச் சமையலறையில், எனக்கு வேலை வழமைபோல. முந்தநாளும் ஒரு வாண்டு என் பருப்புச் சூப்பைத் தட்டிவிட்டது. கிரிக்குத்தான் துறைமுகத்துப் பண்டகசாலையில் வேலை நாட்களைக் குறைத்துவிட்டார்கள். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கொம்பியூட்டருக்கு முன்னால் இருக்கிறான். இந்த மே மாதம் சண்டை முடிந்ததில் இருந்து எல்லா வீட்டிலும் பிள்ளைகள் இப்படித்தான் இருக்கிறார்கள்.

உன்னிடம் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஒருவர் இன்ரநெற்றில் கொஞ்சக் காசு கடன் எடுத்து, இரண்டு கிழமையில் கட்ட முடியாமல், இன்னும் இரண்டு கிழமை, இன்னும் இரண்டு கிழமை என்று தவணை கேட்டுக்கொண்டே போகலாமா? சட்டம் எத்தனை தரம் விடும்? யாராவது விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டுச் சொல்லு.

மற்றது, அத்தானைக் கொண்டுபோன அன்றைக்கு அவர் போட்டிருந்தது என்ன சேர்ட் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

இப்படிக்கு, உன் சுகத்தையே நினைத்திருக்கும்
அக்கா யோகமலர்

*

ஸ்காபரோ
27.08.2009

என் அன்பான அக்கா,

நாங்கள் சுகம். முழங்கால் மழைக்கு முன்னரே நோகத் தொடங்கி வானிலை அறிக்கை வாசிக்கிறது. இவர் லட்டுவை விட்டுவிட்டு இப்போது தொதலுக்கு மாறிவிட்டார்.

உங்கள் கடிதம் கிடைத்த கையோடு, சொன்னதைக் கேட்காமல் உங்களுக்குப் போன் எடுத்தேன். கோபித்தால் கோபியுங்கள். லைனில் ஒரு இரைச்சலும் இல்லை. மணி ஒரு தரம் அடித்ததும் எடுத்தீர்கள். ஹலோ சொல்லவில்லை. "எங்கை நிக்கிறியள்?" என்று கேட்டீர்கள். நான் "அக்கா" என்றதும் வைத்துவிட்டீர்கள். யாரை அப்படிக் கேட்டீர்கள்? அன்று முழுக்க எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை.

நீங்கள் கேட்டதை இங்கே சட்ட உதவி நிலையத்தில் இருக்கும் வதனியிடம் கேட்டேன். நல்ல பிள்ளை, நம்முடைய திருகோணமலைப் பக்கம்தான். சம்பள நாள் வரைக்கும் என்று கொடுக்கும் கடனாம் இது. ஒன்ராறியோவில் போன மாதக் கடைசியில் இருந்து புதுச் சட்டமாம். கட்ட முடியாத கடனை இன்னொரு கடனாகப் புரட்டிப் போடக் கூடாது, பழையதைக் கட்டி முடித்த பிறகுதான் புதியது கொடுக்கலாம். நூறு டொலருக்கு இருபத்தொரு டொலருக்கு மேல் கூலி வாங்க முடியாதபடி வருசக் கடைசியில் இன்னொரு கட்டுப்பாடும் வருகிறதாம். ஆகவே தவணைக்கு மேல் தவணை என்பதே பிழை என்கிறாள்.

கடன் எடுத்தது யார்? கிரியா? அவனாக இருந்தால் காதைத் திருகிக் கேளுங்கள்.

அத்தான் போட்டிருந்தது வெள்ளையில் நீலக்கோடு போட்ட சேர்ட். நான்தான் அன்றைக்கு அதை அயன் போட்டு அழுத்திக் கொடுத்தேன். பத்தொன்பது வருசத்துக்குப் பிறகு ஏன் இந்தக் கேள்வி? உடனே எழுதுங்கள்.

பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்
இந்திரா

*

மொன்றியல்
08.09.2009

அன்புத் தங்கைக்கு,

சுகம். உன் சுகமும் அறிந்தேன். நீலக்கோடுதான். எனக்கும் அப்படித்தான் ஞாபகம். ஆனால் யாரும் அடையாளம் கேட்டால் இரண்டு பேர் சொன்னால்தான் பலம்.

உன்னிடம் மறைத்து என்ன காணப் போகிறேன், சொல்கிறேன். ஆனால் கிரிக்கு மூச்சு விடாதே.

ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. மரக்கறிச் சமையல், நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு நின்றேன். போன் அடித்தது. ஒரு பெடியன், பிரெஞ்சில், மரியாதையாக:

"பொன்ஜூர் மடம். மார்க்கண்டு நிக்கிறாரோ?"

எனக்குக் கத்தி கையில் அப்படியே நின்றுவிட்டது. இந்த ஊருக்கு வந்து பதினாலு வருசத்தில் ஒருத்தர்கூட அத்தானின் பெயரைச் சொல்லி அவரைக் கேட்டதில்லை. "இல்லை" என்றேன். "எப்ப வருவார்?" என்றான். இந்திரா, அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்ல? "தெரியாது" என்று வைத்துவிட்டேன்.

கிரியிடம், கடன் கொம்பனி ஒன்றில் இருந்து யாரையோ கேட்டு எடுத்தார்கள் என்று மட்டும் சொன்னேன். "பிழையான நம்பர் அம்மா. இனி எடுத்தால் தூக்காதேங்கோ" என்றான். தேத்தண்ணியையும் குடிக்காமல் எழும்பிப் போய்விட்டான். சரி, பிழையான நம்பர் என்றுதான் நானும் நினைத்தேன்.

இரண்டு கிழமை கழித்து அடுத்த வெள்ளி. அதே பெடியன். தன் பெயர் பற்றிக் என்றான். நான் துணிந்து கேட்டேன்: "நீர் அவரோடை கதைச்சனீரோ?"

"ஓம் மடம். புதன்கிழமை கதைச்சவர். இன்னும் ரெண்டு கிழமை தவணை கேட்டவர்."

"அவர்தான் எண்டு எப்பிடித் தெரியும்?"

"ரகசியச் சொல் சரியாச் சொன்னவர். மடம், குறை நினையாதேங்கோ, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்? எங்கடை ஆக்களுக்கு வாயிலை நுழையுதில்லை. பிச்சி."

இந்திரா, உனக்கே இது தெரியாது. கலியாணம் முடித்த புதிதில் அத்தான் என்னைக் கூப்பிட்ட பெயர் அது. மலர் என்றால் எந்த மலர் என்று கேட்டு, பிச்சிப்பூ என்று வைத்து, எனக்குக் கோபம் வந்தால் விசரி, பைத்தியக்காரி என்ற கருத்தில் அதையே திருப்பிச் சொல்லிச் சிரிப்பார். வீட்டுக்கு வெளியே ஒரு நாளும் சொன்னதில்லை. அம்மாவுக்கு முன்னால்கூடச் சொன்னதில்லை.

இப்போது சொல்லு, யார் தவணை கேட்கிறது?

அதனால்தான் லைனைச் சும்மா வைத்திருக்கிறேன். நீயும் நானும் மணித்தியாலக் கணக்கில் கதைத்துக்கொண்டிருக்கிற நேரம் பார்த்து அவர் எடுத்தால்?

எல்லாருக்கும் என் அன்பு.
அக்கா

*

ஸ்காபரோ
18.09.2009

அக்கா,

சுகம் கேட்டு எழுத எனக்குப் பொறுமை இல்லை. சுகமாக இருங்கள், அவ்வளவுதான்.

கடிதத்தை வாசித்து முடித்துவிட்டு வீட்டுக்குள் எல்லா லைற்றையும் போட்டேன். இவர் என்னவென்று கேட்டார். சொல்லவில்லை.

அக்கா, அத்தானைக் கொண்டுபோன ஆமி வாகனத்துக்குப் பின்னால் நீங்களும் நானும் செருப்பில்லாமல் ஓடினோம். எத்தனை முகாம் வாசலில் நின்றோம். அந்த மனிதன் உயிரோடு இருந்தால், மொன்றியலுக்கு வந்து, பெண்சாதியைத் தேடாமல் கடன் கொம்பனியைத் தேடுவாரா? நீங்களே சொல்லுங்கள். யாரோ உங்கள் விபரங்களை எடுத்து விளையாடுகிறார்கள். கள்ளர். அவர்களுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

கொடுக்கவில்லைத்தானே? உங்கள் கடிதத்தில் அது மட்டும் இல்லை. இரண்டு தரம் தேடிப் பார்த்தேன்.

உங்கள்
இந்திரா

*

மொன்றியல்
04.10.2009

அன்பின் இந்திரா,

முழங்காலுக்கு நல்லெண்ணெய் போடு. குளிர் தொடங்கிவிட்டது, சொக்ஸ் போடாமல் திரியாதே. இங்கே மேப்பிள் மரம் எல்லாம் சிவந்துவிட்டது. நான் மிகவும் சந்தோசமாக இருக்கிறேன்.

நீ கேட்டாய், ஏன் என்னைத் தேடவில்லை என்று. வெட்கம், இந்திரா. வெறுங்கையோடு எப்படி வருவார்? அத்தானுக்கு ரோசம் அதிகம் என்று உனக்குத் தெரியாதா? உழைத்து, கடனைக் கட்டி, நிமிர்ந்துகொண்டுதான் வருவார். அதற்குள் அவரை நெருக்கினால் ஓடிவிடுவார். ஆகையால் தவணைக் கூலியை நான் கட்டுகிறேன். என் வங்கி இலக்கத்தைக் கொடுத்துவிட்டேன். இரண்டு கிழமைக்கு ஒரு தரம் அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள். முதல் அப்படியே கிடக்குமாம். கிடக்கட்டும். முதலையும் கட்டிவிட்டால் அவர்கள் அவரைத் தேடுவதை விட்டுவிடுவார்கள். பிறகு நான் எங்கே போய்க் கேட்பது?

போன மாதம் பற்றிக்கிடம் ஒரு சேதி சொல்லிவிட்டேன். "பிச்சி காத்துக்கொண்டிருக்கிறாள் எண்டு அவரிட்டைச் சொல்லும்" என்றேன். அவன் பாவம், எழுதி எடுத்துக்கொண்டான். நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை கேட்டேன்.

"சொன்னனான் மடம். லைன் அறுந்துபோச்செண்டு நினைச்சன். பேந்து, இன்னும் ரெண்டு கிழமை தாங்கோ எண்டவர்."

"குரல் எப்பிடி?"

"கதைக்க முதல் ஒருக்கால் இருமுவார்."

இருமுவார்! இந்திரா, உனக்கு ஞாபகம் இருக்கிறதுதானே? வாசல் படலையில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு இருமல். அதைக் கேட்டால்தான் நான் சோற்றைப் போடுவேன்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் மூன்று சாப்பாட்டுக் கோப்பை வைக்கிறேன். கிரி பார்க்கிறான். தன் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு மூன்றாவதைக் கழுவி வைத்துவிட்டுப் போகிறான். ஏனென்று ஒரு வார்த்தை கேட்கலாம்தானே? அவனுக்குத் தகப்பன் ஞாபகமே இல்லை. கொண்டுபோகும்போது ஐந்து வயசு. நல்லதுதான், அவனுக்காவது அந்தப் பாரம் இல்லை.

மாமி அவருக்கு மார்க்கண்டு என்று சும்மாவா பெயர் வைத்தா? எமன் வாசலுக்கு வந்த பிறகும் தவணை வாங்கின பிள்ளையின் பெயர்.

என் காப்பு இரண்டையும் விற்றுவிட்டேன். திட்டி எழுதாதே.

அன்புடன்
உன் அக்கா

*

ஸ்காபரோ
16.10.2009

அன்பு மகன் கிரிக்கு, சின்னம்மா எழுதுவது.

நீ சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். அம்மாவின் கண்ணில் படக்கூடாது என்றுதான் உன் பண்டகசாலை விலாசத்துக்கு எழுதுகிறேன். அம்மாவின் கடைசிக் கடிதங்கள் இரண்டையும் பிரதி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். முதலில் அவற்றை வாசி. இருந்துகொண்டு வாசி.

வாசித்துவிட்டாயா? இனி நான் சொல்வதைக் கேள்.

வதனியிடம் திரும்பப் போனேன். "அக்கா இருக்கிறது கியூபெக்கிலையோ? அப்ப நான் சொன்னது ஒண்டும் அங்கை பொருந்தாது" என்று தலையில் கை வைத்தாள். இந்த நாட்டில் மாகாணத்துக்கு மாகாணம் சட்டம் வேறாம். கியூபெக்கில் இந்தச் சம்பள நாள் கடன் என்பதே நடத்த முடியாதாம். கடன் கொடுக்க மாகாணத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். வருசத்துக்கு நூற்றுக்கு முப்பத்தைந்துக்கு மேல் வட்டி கேட்பவருக்கு அதைக் கொடுப்பதில்லையாம். "நாங்கள் வேறை ஊரிலை இருக்கிற கொம்பனி, எங்களுக்கு வேறை சட்டம்" என்று இவர்கள் சொல்வார்களாம். அது எடுபடாது என்கிறாள். இன்ரநெற்றில் செய்த ஒப்பந்தத்தை, கடன் எடுத்தவர் இருக்கிற விலாசத்தில் வைத்துச் செய்ததாகத்தான் கியூபெக்கில் எடுப்பார்களாம்.

வதனி சட்டத்துக்காகத்தான் அதைச் சொன்னாள். எனக்கு அந்த இடத்தில் வேறொன்று விளங்கியது. அவர்களிடம் இருக்கிற விலாசம் உங்கள் வீடு. அந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர்.

தம்பி, மிராபெல் விமான நிலையத்துக்கு உங்களைக் கூட்டிப் போக வந்தவள் நான். அங்கே கொடுத்த படிவத்தில், நாங்கள் ஊரில் எழுதுவதுபோலத் தகப்பன் பெயரை முதலும் உன் பெயரைப் பிறகுமாக அம்மா எழுதிவிட்டா. முதல் பெட்டியில் மார்க்கண்டு, இரண்டாவது பெட்டியில் கிரி. இங்கே முதல் பெட்டியில் இருப்பதுதான் ஆளின் பெயர் என்று எங்களுக்கு யார் சொன்னது? பள்ளிக்கூடத்தில் உன்னைக் கிரி என்றே கூப்பிட்டார்கள், ஆகையால் அம்மா மறந்துவிட்டா. உன் வங்கி மட்டையில் என்ன பெயர் இருக்கிறது?

பொய் சொல்லாமல் எழுது.

சின்னம்மா

*

மொன்றியல்
27.10.2009

அன்புள்ள சின்னம்மா,

நான் சுகம். நீங்கள் சுகமா? எனக்குத் தமிழ் எழுதுவது மெதுவாகத்தான் வரும். பிழை இருந்தால் மன்னிக்கவும்.

வங்கி மட்டையில் மார்க்கண்டு கிரி என்று இருக்கிறது. கடன் எடுத்தது நான்.

மே மாதத்துக்குப் பிறகு கொழும்பில் ஆனந்தராசா என்று ஒருவர், காசு அனுப்பினால் தடுப்பு முகாமில் இருக்கிற ஆக்களின் பெயர்களைப் பார்த்துச் சொல்லுவேன் என்றார். புரோசார்ட்டில் இருக்கிற என் சிநேகிதன் சாம்பவன் தன் மாமாவுக்காகக் கட்டினவன். நானும் அப்பாவுக்காகக் கட்டினேன். வேலை குறைவு, கையில் காசு இல்லை. இன்ரநெற்றில் ஐந்து நிமிசத்தில் தந்தார்கள். ஆனந்தராசா பேந்து போன் தூக்கவே இல்லை.

அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் அவ நம்பத் தொடங்கிவிடுவா என்று பயந்தேன்.

ரகசியச் சொல் ஒன்று கேட்டார்கள். யாருக்கும் தெரியாத சொல் வேண்டும் என்று இருந்தது. எனக்குத் தெரிந்த, யாருக்கும் தெரியாத சொல் அது ஒன்றுதான். எனக்கு அப்பாவின் முகம் ஞாபகம் இல்லை. ஆனால் நான் பாயில் நித்திரை மாதிரிக் கிடக்கும்போது அவர் அம்மாவை அப்படிக் கூப்பிட்டது காதில் இருக்கிறது.

கட்ட முடியாமல் இரண்டு கிழமைக்கு ஒரு தரம் தவணை கேட்டுக்கொண்டே வந்தேன். செப்டம்பர் கடைசியில் முடித்துவிடுவோம் என்று சாம்பவனிடம் கைமாற்றாகக் காசு வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றைக்குத்தான் பற்றிக் என்ற ஆள் எனக்குச் சொன்னான்: "உங்களுக்கு ஒரு சேதி இருக்கு. பிச்சி காத்துக்கொண்டிருக்கிறாள்."

சின்னம்மா, நான் துறைமுகத்தில் கொள்கலன்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். அம்மா போன் தூக்குவது எனக்குத் தெரியாது, தூக்கவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். நான் அம்மாவை நினைக்கவே இல்லை. அப்பாதான் எங்கேயோ இருந்துகொண்டு, அம்மாவைக் கைவிடாதே என்று எனக்குச் சொல்லிவிடுகிறார் என்று நினைத்தேன். கடனை முடித்தால் அடுத்த சேதி வராது. ஆகையால் இன்னும் இரண்டு கிழமை கேட்டேன். சாம்பவனின் காசு இன்னும் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

அம்மா மூன்று கோப்பை வைத்தபோது, அவவுக்கும் சேதி வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். கேட்கப் பயமாக இருந்தது.

இப்போது உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு எல்லாம் விளங்குகிறது. ஆனால் நான்தான் என்று அம்மாவிடம் எப்படிச் சொல்ல? நான் வாயைத் திறந்தால் அப்பா செத்துப்போவார்.

கிரி

*

ஸ்காபரோ
06.11.2009

என் செல்ல மகனுக்கு,

உன் கடிதத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதேன். உன்னைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அந்த ஆனந்தராசா புழுத்துச் சாவான்.

செய்ய வேண்டியதை வதனி சொல்கிறாள், ஒழுங்காகச் செய். உன் வங்கிக்கும் அம்மாவின் வங்கிக்கும் போய் அவர்கள் காசு இழுப்பதை நிறுத்தச் சொல்லு. ஒரே தவணைக்கு உன்னிடமும் வாங்கி அம்மாவிடமும் வாங்கியிருக்கிறார்கள், பாவிகள். பிறகு அவர்களுக்குப் பதிவுத் தபாலில் எழுது: ஒப்பந்தம் கியூபெக்கில் செய்தது, உங்களுக்கு இங்கே அனுமதிப்பத்திரம் இல்லை, இனி ஒரு தவணையும் கேட்கவும் மாட்டேன், கட்டவும் மாட்டேன், வாங்கின கூலியைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று. அதன் பிரதியோடு அங்கே நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் முறைப்பாடு செய். கியூபெக்கில் என்று கண்டால் அநேகமாகக் கடன் கோவையை மூடிவிட்டு ஓடிவிடுவார்களாம்.

அம்மாவிடம் சொல்வது உன் வேலை. நான் சொன்னால் அது செய்தி, நீ சொன்னால்தான் அவ தாங்குவா. தள்ளிப் போடாதே மகன்.

சின்னம்மா

*

ஸ்காபரோ
02.12.2009

என் அக்கா,

எப்படி இருக்கிறீர்கள்? எழுதி எழுதிப் பார்க்கிறேன், பதில் இல்லை. போன் எடுத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. முந்தி ஒரு மணியில் தூக்குவீர்கள். இப்போது ஒருவரும் தூக்குவதில்லை. கிரியும் எழுதவில்லை. என் மேல் கோபமா? கோபம் என்றால் கோபம் என்று ஒரு வரி எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன். இந்தக் கிழமைக்குள் கடிதம் வராவிட்டால் முழங்காலும் மண்ணாங்கட்டியும் என்று பஸ் ஏறி வந்து நிற்பேன்.

இந்திரா

*

மொன்றியல்
14.12.2009

அன்புத் தங்கை இந்திராவுக்கு,

பஸ் ஏறாதே. இங்கே பனி முழங்கால் வரை. இருக்கிற முழங்காலையும் முறித்துக்கொள்வாய். நாங்கள் சுகம். உன் மேல் கோபம் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், நிறைய இருந்தது. இப்போது இல்லை.

நவம்பர் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை. கோப்பைகளை வைத்துவிட்டுப் போனுக்குப் பக்கத்தில் இருந்தேன். அடித்தது. பற்றிக்தான்.

"மடம், மார்க்கண்டுவின்ரை கோவையை மூடிப்போட்டம். இனி நாங்கள் எடுக்க மாட்டம்."

"ஏன்? அவருக்கு என்ன நடந்தது?"

"சட்டம் விடாது மடம். இனி அவரைத் தேட மாட்டம்."

"இன்னும் ஒரே ஒரு தவணை. நான் கட்டுறன்" என்றேன். கெஞ்சினேன் இந்திரா. முகாம் வாசலில் காவல்காரனிடம் கெஞ்சினதுபோல அந்தப் பெடியனிடம் கெஞ்சினேன். அவன் "மன்னிக்கவேணும் மடம்" என்று வைத்துவிட்டான். வங்கிக்கு ஓடினால், மகன் சொல்லி எல்லாவற்றையும் நிறுத்தியாயிற்று என்கிறார்கள். நான் இதென்ன என்று தெரியாமல் கிரி தந்த தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் போனைத் தூக்கவில்லை. அவர் இல்லாத போன் எதற்கு? கார்தெறிக்கும் போகவில்லை. கிரி கஞ்சி வைத்துத் தந்தான், குடிக்கவில்லை. அவனோடு ஒரு சொல் கதைக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை வேலையால் வந்தான். சப்பாத்தும் கழற்றவில்லை, ஜக்கற்றிலே பனி. வாசலிலேயே நின்றுகொண்டு, "பிச்சி" என்றான்.

அவரேதான். அதே குரல், அதே இழுவை. நான் எழும்பிவிட்டேன். கதவடியில் என் பிள்ளை நின்று அழுதுகொண்டிருந்தான்.

"அம்மா, நான்தான் மார்க்கண்டு."

எல்லாம் சொன்னான். ஆனந்தராசாவைப் பற்றிச் சொன்னான், கொள்கலன்களுக்கு நடுவில் நின்றதைச் சொன்னான். மிராபெல்லில் முதல் பெட்டியில் அவர் பெயரை எழுதினது என் கைதான். அது எனக்கு மறந்துபோனதா, மறந்துபோகட்டும் என்று நானே விட்டேனா, எனக்கே தெரியாது இந்திரா. ஆனால் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவரைக் கொண்டுபோனவர்கள் அவரைக் கொண்டுபோகவே இல்லை என்றார்கள். பிறகு எந்த அரசாங்கக் கந்தோரும் அவரைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. இத்தனை வருசத்தில் மார்க்கண்டு எங்கே, எப்போது வருவார் என்று என்னிடம் கேட்டவர்கள் இந்தக் கள்ளர் மட்டும்தான். அந்தக் கேள்விக்காகத்தான் காப்பை விற்றேன்.

என் பிள்ளைக்குத் தகப்பன் ஞாபகம் இல்லை என்று நினைத்திருந்தேன். ஐந்து வயசில் காதில் விழுந்த ஒரு சொல்லை இத்தனை வருசம் என்னிடம்கூடச் சொல்லாமல் வைத்திருக்கிறான். அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். இந்த நாட்டுக்கு வந்து முதல் தரம். பிறகு பசித்தது. கத்தரிக்காய்க் குழம்பும் சோறும் சாப்பிட்டோம். மூன்றாவது கோப்பையில் நான் போட்டதையும் அவனே சாப்பிட்டான்.

காசில் ஒரு பகுதி திரும்பி வரலாம் என்று அலுவலகத்தில் சொல்கிறார்களாம். வந்தால் வதனிக்கு ஒரு சீலை வாங்கிக் கொடு. நாளையில் இருந்து கார்தெறிக்குப் போகிறேன்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. அந்த இருமலைப் பற்றிக் கிரியிடம் கேட்டேன். "நான் ஏன் அம்மா இருமப் போறன்? எனக்குத் தடிமன்கூட இல்லை" என்கிறான். திரும்பவும் கேட்டேன். இல்லவே இல்லை என்கிறான்.

போகட்டும். இனி நீ தாராளமாகப் போன் எடுக்கலாம், மணித்தியாலக் கணக்கில் கதைக்கலாம். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வேண்டாம்.

யோகேந்திரனுக்கும் தக்ஷினிக்கும் அன்பு.

என்றும் உன்
அக்கா யோகமலர்